உருகுவதற்குள் ஒரு படம்

வானிலிருந்து விழும் பனிப்படிகம் ஒன்றின் அகலம் பெரும்பாலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான். விரல் பட்டால் நீராகிவிடும். மூச்சுப் பட்டாலும் அதே கதிதான். எதுவும் படாமல் உறைநிலைக்குக் கீழே கடுங்குளிரில் வைத்திருந்தாலும், சற்று நேரத்தில் அதன் முனைகள் மழுங்கத் தொடங்கும். பனி நீராகாமல் நேரே ஆவியாகவும் கூடியது. கூர்மையான முனைகளில் அது இன்னும் வேகமாக நடக்கும். விழுந்தபோது இருந்த உருவம் சில நிமிடங்கள் கழித்து இருக்காது.

சின்னஞ்சிறு பொருள்களை நெருங்கிப் படமெடுப்பவர்கள் பலர். வண்டின் முதுகை எடுப்பவர்கள் உண்டு, பட்டாம்பூச்சிச் சிறகின் செதிலை எடுப்பவர்கள் உண்டு, மகரந்தத் தூளை எடுப்பவர்களும் உண்டு. அவர்களுக்குள்ள சிக்கல்கள் எல்லாம் பனிப்படிகத்தை எடுப்பவருக்கும் உண்டு. ஆனால் வண்டு நாளைக்கும் அப்படியே இருக்கும், படிகம் இருக்காது. அதனால் இத்துறையின் கருவிகளைப் புரிந்துகொள்ளப் பனிப்படிகமே நல்ல வாத்தியார்.

இந்தக் கருவிகளின் கதையில் இன்னொரு கேள்வியும் சேர்ந்தே வருகிறது. பனியையே பார்த்திராத நம் ஊர்ப் பிள்ளையிடம் பனித்துகளை வரையச் சொன்னால், ஆறு கைகள் கொண்ட நட்சத்திரம் ஒன்றை வரைந்து தருவாள். ஆறும் ஒன்றுபோல இருக்கும். அந்த உருவம் அவளிடம் வந்து சேர்ந்ததில் பனிக்கு எவ்வளவு பங்கு, கேமராவுக்கு எவ்வளவு பங்கு?

ஜெரிக்கோவின் கொட்டகை

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்றொரு கிராமம். அங்கே 1865இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் வில்சன் பென்ட்லி. பள்ளி ஆசிரியையாக இருந்த தாய் தன்னிடமிருந்த நுண்ணோக்கியைப் பையனிடம் கொடுத்தார். அவன் பனிப்படிகங்களைப் பார்த்து வரையத் தொடங்கினான். வரைந்து முடிப்பதற்குள் படிகம் கரைந்துவிடும். பென்சிலின் வேகம் போதாது என்று தெரிந்ததும் கேமரா வேண்டும் என்றான். கேமராவும் அதற்கேற்ற புது நுண்ணோக்கியும் சேர்ந்து ஏறக்குறைய 100 டாலர். தகப்பனாருக்கு இதெல்லாம் வீண்வேலை. இருந்தும் வாங்கிக் கொடுத்தார். பல முயற்சிகள் பாழானபின், 1885 ஜனவரி 15 அன்று பென்ட்லிக்கு முதல் படம் சரியாக விழுந்தது. அப்போது அவருக்கு வயது 19.

அவருடைய ஏற்பாட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அடுப்பு இல்லாத கொட்டகை. உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர். பனி பெய்யும்போது ஒரு கறுப்புப் பலகையை வெளியே நீட்டிப் படிகங்களைப் பிடிப்பார். உருப்பெருக்கிக் கண்ணாடியால் மேய்ந்து நல்லதாக ஒன்றைத் தேர்வார், மற்றவற்றைத் தட்டிவிடுவார். தேர்ந்ததை மெல்லிய மரச் சிம்பின் நுனியால் ஒற்றியெடுத்துக் குளிர்ந்த கண்ணாடிச் சில்லில் வைப்பார். பறவை இறகால் மெதுவாக அழுத்திப் படிய வைப்பார். இவ்வளவும் மூச்சை அடக்கிக்கொண்டு நடக்கும். பிறகு சில்லை நுண்ணோக்கியில் ஏற்றி, கேமராவைச் சன்னல் வெளிச்சத்தை நோக்கித் திருப்புவார். ஒளி படிகத்தின் பின்னாலிருந்து ஊடுருவி வரும்.

கேமராவின் துருத்தி நீளமானது. பின்புறக் கண்ணாடியில் உருவத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கை, முன்னால் இருக்கும் ஃபோகஸ் திருகை எட்டாது. அதற்குச் சக்கரமும் கயிறும் கட்டினார். பின்னால் நின்று சக்கரத்தைச் சுழற்றினால் முன்னால் திருகு திரும்பும். அந்தக் கேமராவைத்தான் அவர் கடைசிவரை வைத்திருந்தார். 5,000க்கும் மேற்பட்ட படங்கள் அதில் எடுத்தவை. அமெரிக்க வானிலைத் துறையின் வில்லியம் ஹம்ஃப்ரீஸுடன் சேர்ந்து அவர் தொகுத்த ‘ஸ்னோ கிரிஸ்டல்ஸ்’ என்ற நூல், 2,400க்கும் மேற்பட்ட படங்களோடு 1931இல் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நிமோனியா கண்டு இறந்தார்.

பென்ட்லியின் கருவியில் லென்ஸ் ஒரு பகுதி மட்டுமே. கறுப்புப் பலகை, சிம்பு, இறகு, கயிறு, அடுப்பில்லாத கொட்டகை எல்லாம் சேர்ந்ததுதான் கருவி. கறுப்புப் பின்னணியும் குளிரும் அவருக்கு முன்பே கண்டறியப்பட்டவை. ஜப்பானின் கோகா பகுதியை ஆண்ட டோய் தோஷித்சுரா, வெளியே வைத்துக் குளிரவிட்ட கறுப்புத் துணியில் பனியைப் பிடித்து நுண்ணோக்கியில் பார்த்தவர். அவர் 1832இல் 86 படிகங்களின் சித்திரங்களை நூலாக வெளியிட்டார். ஓவியர் கைக்குக் கிடைக்காத அவகாசத்தைப் பென்ட்லியின் கேமரா பெற்றுத் தந்தது.

கிட்டப் போனால் என்ன ஆகும்?

சாதாரண லென்ஸால் மிகவும் கிட்டப் போக முடியாது. மேக்ரோ லென்ஸ் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் பொருளை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழச் செய்யும். 3 மில்லிமீட்டர் படிகம் 36 மில்லிமீட்டர் அகலமான சென்சாரில் 3 மில்லிமீட்டராகத்தான் விழும். அது அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு; மீதியெல்லாம் வெறும் பின்னணி. படிகத்தின் நுணுக்கம் தெரிய வேண்டுமானால் ஐந்து மடங்காவது பெருக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு: லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே துருத்தியோ குழாயோ வைத்துத் தூரத்தைக் கூட்டுவது, லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுவது, நுண்ணோக்கியின் பொருளருகு லென்ஸைக் கேமராவில் பொருத்துவது.

எந்த வழியில் போனாலும் மூன்று இழப்புகள் உண்டு.

முதல் இழப்பு ஒளியில். உருவத்தைப் பெரிதாக்கினால் அதே ஒளி அகலமான பரப்பில் பரவுகிறது. உண்மை அளவில் எடுக்கும்போது சென்சாருக்குக் கிடைப்பது, தொலைவிலுள்ள பொருளை எடுக்கும்போது கிடைப்பதில் நான்கில் ஒரு பங்கு. ஐந்து மடங்கில் அது முப்பத்தாறில் ஒரு பங்காகிவிடும். சன்னல் வெளிச்சத்தை நம்பியிருந்த பென்ட்லி லென்ஸை நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது இதனால்தான்.

இரண்டாவது இழப்பு ஆழத்தில். ஐந்து மடங்கில், லென்ஸின் துளையை எஃப் 2.8 அளவுக்குத் திறந்து வைத்தால், தெளிவாக விழும் அடுக்கின் தடிமன் சுமார் 0.04 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழப் பாதி. அதற்கு மேலும் கீழும் எல்லாம் மங்கல். துளையைச் சுருக்கினால் அடுக்கு தடிக்கும், ஆனால் ஒளி இன்னும் குறையும். போதாததற்கு, சிறு துளை வழியே வரும் ஒளி அலைகள் விளிம்பில் வளைந்து சிதறும். துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கி ஐந்து மடங்கு பெருக்கினால், ஒரு புள்ளி சென்சாரில் 0.06 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டமாக விழும். வழக்கமான சென்சாரில் அது ஏறத்தாழப் பத்து பிக்சல் அகலம். ஆழம் வேண்டுமென்றால் கூர்மையை விட வேண்டும், கூர்மை வேண்டுமென்றால் ஆழத்தை விட வேண்டும்.

மூன்றாவது இழப்பு அசையாமையில். உருவத்தைப் பெருக்கும் அதே லென்ஸ் அசைவையும் பெருக்கும். படிகம் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு நகர்ந்தால், ஐந்து மடங்கில் அது எட்டுப் பிக்சல் இழுவையாகத் தெரியும். மரத்தரையில் ஒருவர் எடை மாற்றி நின்றாலே போதும்.

பூச்சிகளைப் படமெடுப்பவர்கள் ஆழப் பிரச்சினைக்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். அதன் பெயர் ஃபோகஸ் ஸ்டாக்கிங். துளையை நன்றாகத் திறந்து வைத்து, கூர்மையான மெல்லிய அடுக்கு ஒன்றை எடுக்க வேண்டும். பின் கேமராவைத் தண்டவாளம் போன்ற திருகு மேடையில் நூலிழை அளவு முன்னே நகர்த்தி அடுத்த அடுக்கை எடுக்க வேண்டும். கடைசியில் எல்லாப் படங்களிலும் தெளிவாக உள்ள பகுதிகளை மட்டும் கணினி சேர்த்துத் தரும். பிரிட்டனின் புகைப்படக் கலைஞர் லெவோன் பிஸ், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சிகளை இப்படித்தான் எடுத்தார். 200 மில்லிமீட்டர் லென்ஸின் முன்னால் பத்து மடங்கு நுண்ணோக்கி லென்ஸ் ஒன்றைப் பொருத்தினார். ஒவ்வொரு படத்துக்கும் நடுவே கேமரா நகர்ந்தது மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. பூச்சியைப் பல பகுதிகளாகப் பிரித்து, கொம்புக்கு ஒரு விளக்கமைப்பு, சிறகுறைக்கு வேறொன்று என்று மாற்றி மாற்றி எடுத்தார். ஒரு பூச்சிக்கு ஏறத்தாழ 8,000 படங்கள் ஆயின.

ஊசியில் குத்தி உலர்த்திய வண்டு இத்தனைக்கும் பொறுமையாக நிற்கும். பனிப்படிகம் நிற்காது. இப்படி நகர்த்தி நகர்த்தி எடுத்து முடிப்பதற்குள் முதல் படத்தில் இருந்த முனை கடைசிப் படத்தில் இருக்காது. ஆகவே பனியை எடுப்பவர்கள் பெரும்பாலும் தட்டையான படிகத்தைத் தட்டையாகவே கிடத்தி, லென்ஸுக்கு நேர்செங்குத்தாக வைத்து, இருக்கும் மெல்லிய அடுக்குக்குள் முழுப் படிகத்தையும் அடக்கப் பார்க்கிறார்கள். பென்ட்லியின் இறகு செய்த வேலை இதுதான். அந்த இறகுக்குத் தடிமனான, ஒழுங்கற்ற படிகம் ஒத்துவராது என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்வோம்.

நிறமில்லாத பொருளுக்கு விளக்கு

பனிக்கட்டி நிறமற்றது, ஒளியை ஊடுருவ விடுவது. நேர் பின்னாலிருந்து ஒரே சீரான வெள்ளை ஒளி வந்தால் படிகத்தின் மேற்பரப்பிலுள்ள மேடுபள்ளங்கள் பெரும்பாலும் தெரியாமல் போகும். விளிம்பு மட்டும் கோடாக நிற்கும். ஒளியைச் சற்றுச் சாய்த்தால், படிகத்தின் ஒவ்வொரு சரிவும் அதை வெவ்வேறு பக்கம் வளைக்கும். அப்போதுதான் வரம்பும் பள்ளமும் புடைத்துத் தெரியும்.

கலிஃபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தின் இயற்பியலாளர் கென்னத் லிப்ரெக்ட் இதை வண்ணத்தால் செய்தார். படிகத்தின் பின்னாலிருந்து வெவ்வேறு திசைகளில் வெவ்வேறு நிற ஒளியைப் பாய்ச்சுவார். ஒரு சரிவு நீலத்தை வளைத்து லென்ஸுக்குள் அனுப்பும், எதிர்ச்சரிவு சிவப்பை அனுப்பும். படத்தில் காணும் நிறம் படிகத்துடையது அல்ல. அதன் சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைச் சொல்லும் குறிப்பு அது. படிகங்களை அவர் அட்டையில் பிடித்து, ஓவியர்கள் வைத்திருக்கும் சின்னத் தூரிகையால் கண்ணாடிச் சில்லுக்கு மாற்றுவார். 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவருடைய படங்களைத் தபால்தலையாக வெளியிட்டது.

அவர் படமெடுக்கப் போகும் இடங்களும் ஒருவகையில் கருவியின் உறுப்புகளே. −2 டிகிரி செல்சியஸை ஒட்டி மெல்லிய தகடுகளும், −5ஐ ஒட்டி ஊசிகளும் தூண்களும், −15ஐ ஒட்டி அகன்ற நட்சத்திரங்களும் விளைகின்றன. நட்சத்திரம் வேண்டுவோர் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ், கனடாவின் வட ஒன்டாரியோ என்று குளிரைத் தேடிப் போகிறார்கள்.

சூடு என்னும் பகை

விளக்கு சுடும். கேமராவின் மின்சுற்று சுடும். கையும் முகமும் சுடும். பனியைப் படமெடுப்பவருக்கு இவை எல்லாமே பகை. எனவே படிகத்தைத் தொடப்போகும் ஒவ்வொன்றும் முன்கூட்டியே வெளியில் கிடந்து குளிர்ந்திருக்க வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்த கண்ணாடிச் சில்லில் படிகத்தை வைத்தால் அந்த இடத்திலேயே சொட்டு நீர்தான் மிஞ்சும். வேலை முடிந்து கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுபோனால் காற்றின் ஈரம் அதன்மேல் வியர்த்து இறங்கும். அதற்காகவே வெளியில் வைத்தே காற்றுப் புகாத பையில் கட்டி, பிறகு உள்ளே எடுத்துச் செல்வார்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும் என்பதால் இன்னொன்று எப்போதும் சட்டைப் பைக்குள் உடற்சூட்டில் இருக்கும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் தொழில்நுட்பத் தலைவராக இருந்த நேதன் மைர்வோல்ட் இந்தப் பகையை எதிர்க்கத் தானே ஒரு கருவி கட்டினார். 18 மாத வேலை. சட்டத்தைக் கார்பன் இழையால் செய்தார், குளிரில் உலோகத்தைப் போல அது சுருங்காது. படிகம் கிடக்கும் மேடையை மின்சாரத்தால் குளிர்வித்தார். கண்ணாடிச் சில்லுக்குப் பதில் செயற்கை நீலக்கல் சில்லு வைத்தார். நீலக்கல் சூட்டைக் கண்ணாடியைவிட வேகமாகக் கடத்தி வெளியேற்றிவிடும். விளக்குக்கு வினாடியில் மிகச் சிறிய பங்கு நேரமே மின்னி அணையும் எல்இடி. படிகம் சூடேறவும் நேரமில்லை, மேடையின் அதிர்வு படத்தில் பதியவும் நேரமில்லை. 100 மெகாபிக்சல் சென்சாரில் எடுத்த அந்தப் படங்களை 2020இல் வெளியிட்டார்.

இவ்வளவு செலவு செய்தால்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். மாஸ்கோவில் அலெக்ஸி க்ளியாடோவ் என்பவர் தன் வீட்டு பால்கனியில் நின்று எடுத்த படங்கள் உலகமெங்கும் பரவியவை. கையடக்கக் கேமரா ஒன்று. அதன் முன்னால் ஹீலியோஸ் என்ற பழைய சோவியத் லென்ஸ், தலைகீழாகத் திருப்பி மரப்பலகையில் இறுக்கியது. படிகம் கறுப்புக் கம்பளித் துணியின் இழையில் வந்து தானே தங்கும். சிறு கேமராவின் படத்தில் இரைச்சல் புள்ளிகள் அதிகம் என்பதால் ஒரே படிகத்தை அடுத்தடுத்துப் பல முறை எடுத்து, கணினியில் சராசரி எடுப்பார். புள்ளிகள் இடம் மாறி மாறி விழுவதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். படிகம் ஒரே இடத்தில் இருப்பதால் தங்கும். விலை எவ்வளவு ஆனாலும், எந்த இழப்பை எதைக் கொண்டு ஈடு செய்வது என்ற கணக்குத் தெரிந்தால் கருவி அமைந்துவிடும்.

சுரண்டப்பட்ட நெகட்டிவ்

இனி தொடக்கக் கேள்விக்கு வருவோம். பென்ட்லியின் படங்களில் வெள்ளைப் படிகம் கருங்கறுப்புப் பின்னணியில் ஒளிரும். ஆனால் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் பின்னணி பளிச்சென்றுதானே விழ வேண்டும்? அப்படித்தான் விழுந்தது. பென்ட்லி நெகட்டிவில் படிகத்தின் ஓரத்தை ஒட்டிச் சிறு கத்தியால் சுற்றியுள்ள படலத்தைச் சுரண்டி எடுத்தார். அந்த இடம் அச்சில் கறுப்பாக வந்தது.

ஜெர்மனியில் வானிலையாளர் குஸ்டாவ் ஹெல்மன், ரிச்சர்டு நியூஹாஸ் என்ற நுண்புகைப்பட வல்லுநரின் படங்களோடு 1893இல் பனிப்படிகங்கள் பற்றிய நூல் ஒன்றை வெளியிட்டார். அந்தப் படங்களில் பல படிகங்கள் கோணலானவை. ஒரு கை குட்டை, ஒரு கை உடைசல், ஒரு பக்கம் துகள் அப்பியது. பென்ட்லியின் அப்பழுக்கற்ற நட்சத்திரங்களைப் பார்த்த ஜெர்மானியர்கள், சுரண்டும்போது உருவத்தையும் திருத்திவிட்டார் என்று குற்றம் சாட்டினார்கள்.

கத்தியால் ஓரத்தைத் தொட்டவர்மீது அந்தச் சந்தேகம் எழுந்தது இயல்பே. ஆனால் பென்ட்லி படங்களின் அழகுக்குக் காரணம் கத்தியைவிடக் கறுப்புப் பலகைதான் என்பது என் முடிவு. தேர்வு அங்கேயே நடந்துவிட்டது. பலகையில் விழுந்தவற்றில் ஒழுங்கானதை எடுத்தார், மற்றதைத் தட்டினார். எடுத்ததிலும் தட்டையானதே இறகுக்குப் பணிந்தது. தட்டையானதே அந்த மெல்லிய ஃபோகஸ் அடுக்கில் அடங்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் கருவி ஒருவகைப் படிகத்தை உள்ளே விட்டு, மற்றதை வெளியே தள்ளியது. எந்தப் படமும் பொய்யாக இல்லாமலே தொகுப்பு முழுவதும் ஒருபக்கம் சாய்ந்துவிட இது போதும்.

ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் உகிசிரோ நகாயா 1930களில் இதை வேறு விதமாக அணுகினார். அழகானதோ அழகற்றதோ, விழுந்ததையெல்லாம் வகைப்படுத்த வேண்டும் என்று 3,000க்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார். 1936இல் குளிர்கூடத்துக்குள் முயல் முடியின் நுனியில் ஒரு படிகத்தை வளர்த்தும் காட்டினார். உலகில் முதன்முதலாக மனிதர் வளர்த்த பனிப்படிகம் அது. எந்த வெப்பநிலையில், எவ்வளவு ஈரத்தில் என்ன வடிவம் விளையும் என்ற வரைபடம் அந்த ஆய்வுகளிலிருந்து பிறந்தது.

தொடாமல் எடுப்பது

பலகையும் தூரிகையும் கண்ணாடிச் சில்லும் இல்லாமல் பனியைப் படமெடுக்க முடியுமா? அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டிம் காரெட், கேல் ஃபால்கேட்டர் ஆகியோர் அதற்கென்று ஒரு கருவி செய்து 2012இல் அதன் விவரத்தை வெளியிட்டனர். வளையம் போன்ற திறந்த சட்டம். அதன் நடுவே உள்ள வெற்றிடத்தை நோக்கி 36 டிகிரி இடைவெளியில் மூன்று கேமராக்கள். மேலிருந்து விழும் துகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைக் கடந்ததும் விளக்கு மின்னும், மூன்று கேமராக்களும் ஒன்றாக இயங்கும். அகச்சிவப்புக் கதிர் இரண்டு மட்டங்களில் இருப்பதால், துகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வர எடுத்த நேரத்தைக் கொண்டு அது விழும் வேகமும் கிடைத்துவிடும்.

பனித்துகள் பொதுவாக வினாடிக்கு 1 மீட்டர் அளவில் இறங்கும். 2,000இல் ஒரு பங்கு வினாடியில் எடுத்தால் அரை மில்லிமீட்டர் இழுவை விழும், படம் பாழ். இந்தக் கேமராக்கள் 25,000இல் ஒரு பங்கு வினாடியில் எடுக்கின்றன. இழுவை 0.04 மில்லிமீட்டர் மட்டும். பெருக்கம் குறைவு, நுணுக்கமும் லிப்ரெக்டின் படங்களுக்கு ஈடாகாது. பதிலுக்கு, துகளை யாரும் தேர்வதில்லை, யாரும் அழுத்துவதில்லை. விழுந்தது விழுந்தபடி மூன்று பக்கங்களிலிருந்து பதிவாகிறது.

இந்தப் படங்களில் ஆறு கை நட்சத்திரம் அரிதாகவே தென்படுகிறது. பெரும்பாலும் பல படிகங்கள் ஒட்டிக்கொண்ட கொத்துகள், உறைந்த நுண்துளிகள் அப்பி உருண்டையான கட்டிகள், ஒடிந்த துண்டுகள். வானிலை ஆய்வாளர்களுக்கு வேண்டியதும் இந்தக் கொத்தும் கட்டியும்தான். ரேடார் எதிரொலியைப் பார்த்து எவ்வளவு பனி பெய்யும் என்று கணிக்க, துகளின் உண்மையான உருவமும் விழும் வேகமும் தெரிய வேண்டும். எல்லாத் துகளும் தட்டையான நட்சத்திரம் என்று வைத்துக்கொண்டால் கணக்குத் தப்பும்.

அதனால் பென்ட்லி பொய் சொன்னார் என்று ஆகாது. நட்சத்திரப் படிகம் மெய். நகாயாவின் குளிர்கூடத்தில் அது எப்போது விளையும் என்பதுகூடத் தெரிந்துவிட்டது. பனி எப்படி வளர்கிறது என்று கேட்டால், தேர்ந்தெடுத்துத் தட்டையாகக் கிடத்திய படிகமே விடை சொல்லும். என்ன பெய்கிறது என்று கேட்டால், யாரும் தொடாத துகள்தான் சொல்லும். நுண்பொருள் படம் ஒன்று கைக்கு வந்தால், எத்தனை மெகாபிக்சல் என்று விசாரிப்பதற்கு முன் வேறு இரண்டைக் கேட்டுவிடலாம்: இந்தப் பொருளை எடுத்து வைத்தது யார், எடுக்காமல் தட்டிவிட்டது எவற்றை?